அம்மாவின் பல்செட்

பெர்த்திலிருந்து வந்து பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். மேல் பல்செட், சரியாக நடுவில் இரண்டு துண்டு. "முறுக்கு கிறுக்கு எதுவும் கடிக்கலய்யா, இட்லிதான்" என்று நான் கேட்கும் முன்பே வாக்குமூலம்.

எனக்கு இரண்டு வாரம்தான் விடுமுறை. கோலாலம்பூர் செந்தூலில் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கிளினிக் இருக்க, முதலில் அங்கே போனோம். வாசலில் 'நானோ பல்செட்' என்று பெரிய பலகை. "கிருமி ஒட்டாது சார், உடையவும் உடையாது" என்றார் கவுண்டரில் இருந்தவர். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை. சாதாரண செட்டைவிட இரு மடங்கு விலை என்பது மட்டும் தெளிவாக வந்தது. கிளம்பிவிட்டோம்.

மறுநாள் கொமூட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து நடையாகப் பிரிக்பீல்ட்ஸ். அங்கிருந்த டாக்டர் நம் பெண், மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். (அந்தப் பல் மருத்துவப் புலம் 1972இல் தொடங்கியது, நாட்டிலேயே முதலாவது.) உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை எந்தத் தண்ணியில கழுவுவீங்க?" என்றார்.

"கெட்டில்ல கொதிச்ச தண்ணிதான். கிருமி சாகணுமே."

அதுதான் வினை. பல்செட் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக், கொதிநீர் பட்டால் வளைந்துவிடும். வளைந்த செட் அண்ணத்தில் ஆடும், மென்று மென்று ஆடியதில் நடுவில் விரிசல் விழும். ஆனால் அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. பழைய முறையில் பொடியையும் திரவத்தையும் மாவுபோலப் பிசைந்து, அச்சில் அடைத்து, சுடுநீரில் வேகவைப்பார்கள். கெட்டியாகும்போது கன அளவு ஏறக்குறைய 7 சதவீதம் சுருங்கும். 1930களிலிருந்து உலகம் இந்த அக்ரிலிக்கில்தான் மெல்லுகிறது.

இப்போது தொழிற்சாலையிலேயே வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கிய வட்டு வருகிறது, 98 மில்லிமீட்டர் விட்டம். கணினி வரைந்தபடி எந்திரம் அதைக் கடைந்தெடுக்கும். சுருங்க வேண்டியது முன்னமே சுருங்கிவிட்டது. துணியை நனைத்துக் காயவைத்த பிறகு சட்டை தைப்பது மாதிரி. பழைய செட்டுகள் துவைத்த பிறகு கையைத் தூக்க விடாத சட்டைகள்.

பலகையில் பார்த்த நானோவையும் கேட்டேன். சிரித்தார். ஆராய்ச்சி நிஜம்தான்: சிர்க்கோனியா என்கிற பீங்கான் வகை, டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளி நுண்துகள்களை அக்ரிலிக்கில் கலந்து பார்க்கிறார்கள். செட்டில் படரும் கேண்டிடா பூஞ்சையை வெள்ளி அடக்கும், ஆனால் செட்டின் ஈறு நிறத்தைக் கறுக்க வைக்கும். சிர்க்கோனியா அளவோடு சேர்ந்தால் வலு கூடும். அளவு மீறினால் புட்டு மாவில் கட்டி தட்டியதுபோல் துகள்கள் திரண்டு, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். பெரும்பாலான சோதனைகள் ஆய்வுக்கூடத்துச் சிறு பட்டைகளில் நடந்தவை. அவை சுடச்சுட தே தாரிக் டீ குடிப்பதில்லை. "நானோ இருந்தாலும் ராத்திரி கழட்டி, பச்சைத் தண்ணியிலதான் போட்டு வைக்கணும்மா" என்றார்.

மொத்தம் மூன்று முறை போனோம். முதல் நாள் கடி அளவு எடுக்கவே முக்கால் மணி நேரம். எந்திரத்தைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பொறுமைதான். இரண்டாம் நாள் மாதிரி செட்டை மாட்டிவிட்டு "சிவசாமி, சீரகச் சம்பா" என்று சொல்லச் சொன்னார். அம்மாவின் 'சி'யில் விசில் அடித்தது. முன்பற்களைத் திரையில் கொஞ்சம் நகர்த்தினார். மூன்றாம் நாள் விசில் இல்லை. எதிரே இருந்த கடையில் வாழையிலைச் சாப்பாடு, அம்மா அப்பளத்தைக் கடித்த சத்தம் பக்கத்து மேசை வரை கேட்டது.

அளவுக் கோப்பு பத்திரமாக இருப்பதால், உடைந்தாலும் தொலைந்தாலும் அதே செட்டை மறுபடி கடைந்துகொள்ளலாமாம். எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்தார். அம்மாவின் வாய் இப்போது என் கைப்பேசியில். குடும்பக் குழுவில் போட்டுத் தொலைக்காதே என்று விமான நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.