புதிர் லெவலுக்கு வரும் கருத்துகள்: போர்ட்டல் 2, மாரியோ மேக்கர் 2 ஓர் ஒப்பீடு

சுவர்களில் வாசல்களைச் சுட்டு, ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவந்து புதிர்களை விடுவிக்கும் வீடியோ கேம் போர்ட்டல் 2. அதற்கான புதிர் அறைகளை ஆட்டக்காரர்களே அமைப்பதற்கான கருவியை வால்வ் நிறுவனம் 2012 மே மாதம் இலவசமாக வழங்கியது. மாரியோ லெவல்களை ஆட்டக்காரர்களே அமைக்க உதவும் நிண்டெண்டோவின் சூப்பர் மாரியோ மேக்கர் 2, 2019 ஜூனில் வெளிவந்தது. இரண்டிலும் நாம் அமைத்த லெவலை முன்பின் தெரியாதவர்கள் ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள் என்றாலும், அந்தக் கருத்து வந்து சேரும் விதம் வேறு.

மாரியோ மேக்கர் 2-இல் விருப்பக் குறியோடு, எத்தனை விழுக்காடு முயற்சிகள் வெற்றி பெற்றன என்ற கணக்கும் கிடைக்கிறது. கருத்தை லெவலின் குறிப்பிட்ட இடத்திலேயே ஒட்டிவைக்கவும் முடிகிறது. தாவிக் குதிக்கும் லெவல்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. புதிருக்கோ இது போதாது. குழியில் விழுந்தவரும், விடை பிடிபடாமல் சலித்து வெளியேறியவரும் அந்த விழுக்காட்டில் ஒன்றுபோலவே தெரிவார்கள். மறைந்திருக்கும் கட்டைக்கு அருகே ஒட்டப்பட்ட ஒரு வரி, அடுத்து வருபவருக்கு விடையையே சொல்லிவிடக்கூடும்.

போர்ட்டல் 2 அறைகளுக்கு, ஆட்டக்காரர்கள் தம் படைப்புகளைப் பகிரும் தளமான ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் கிடைப்பவை ஆதரவு வாக்கும் எதிர்ப்பு வாக்கும் அவற்றின் கீழ் எழுதப்படும் கருத்துகளுமே. ஆனால் அந்த எழுத்தில்தான் புதிர் அமைப்பவருக்கு வேண்டியது இருக்கிறது. லேசரைத் திருப்பி, நடந்து செல்லக்கூடிய ஒளிப்பாலத்தை வரவழைத்து மேடையை அடைய வேண்டிய அறை ஒன்றை நான் அமைத்திருந்தேன். "மேடையின் பின்சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் வாசலைச் சுட்டேன், லேசரைத் தொடவே இல்லை, இதுதான் விடையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பல நாள் உழைத்த புதிர் ஒற்றைப் பலகையால் ஒன்றுமில்லாமல் போனது வலித்தது. எந்த விழுக்காடும் அதை எனக்குக் காட்டியிருக்காது. வாசல் திறக்காதபடி பலகையைக் கறுப்பாக்கி, வொர்க்‌ஷாப்பின் அதே பக்கத்தில், வந்த கருத்துகளை இழக்காமல் அறையைப் புதுப்பித்தேன். மாரியோ மேக்கர் 2-இல் பதிவேற்றிய லெவலைத் திருத்த முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால் சேர்ந்த கருத்துகளும் விருப்பங்களும் போய்விடும். புதிர் அமைப்பவருக்கு நான் போர்ட்டல் 2-ஐப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஒன்றில் மட்டும் மாரியோ மேக்கர் 2 தெளிவாக முந்துகிறது: அமைத்தவரே ஆடி முடித்துக் காட்டினால்தான் லெவலைப் பதிவேற்ற முடியும். போர்ட்டல் 2-இல் அந்தக் கட்டாயம் இல்லாததால், "இதை முடிக்கவே வழியில்லையே" என்ற கருத்து வருமோ என்ற கவலை அமைப்பவருக்கு எப்போதும் உண்டு. பலகையைக் கறுப்பாக்கிய அன்றும், முதல் கதவிலிருந்து கடைசிவரை நானே ஆடிப் பார்த்த பிறகுதான் அந்த அறையை மறுபடி வெளியிட்டேன்.