வன்னியில் வரைவித்து வாங்கும் சினிமாப் பாத்திரங்கள்: கை நன்று, படச்சட்டம் சரியில்லை

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஓடர் கொடுத்தால் பென்சிலால் முகம் வரைந்து தரக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். உயர்தரத்தில் சித்திரம் படித்த பிள்ளைகள், விளம்பரப் பலகை எழுதுபவர்கள், ஸ்ரூடியோக்களோடு சேர்ந்து வேலை செய்பவர்கள் என்று பல வகை. அவர்களிடம் வருகிற வேலையில் அதிகம் கல்யாணச் சோடிப் படமும் காலமானவர்களின் நினைவுப் படமும்தான். அதனால் முகச்சாயல் பிடிப்பதில் அவர்களின் கை தேர்ந்தது. சினிமாப் பாத்திரங்களின் வரைபடம் சேர்ப்பவர்களுக்குச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் நடிகரை வரைந்து தருவார்கள், நாம் கேட்டதோ பாத்திரத்தை.

'நாயகன்' (1987) வேலு நாயக்கர் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. இளவயது முதல் முதுமை வரை அந்தப் படம் அவரைக் காட்டுகிறது. எந்த வயது, எந்தக் காட்சி என்று சொல்லாவிட்டால் வரைபவர் இணையத்தில் முதலில் கிடைக்கும் கமலை எடுத்துக்கொள்வார். 'பாட்ஷா' (1995) என்றால் ஆட்டோக்கார மாணிக்கமா, பாட்ஷாவா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே முகம்தான், ஆனால் நிற்கிற விதமும் பார்வையும் வேறு. 'படையப்பா' (1999) நீலாம்பரிக்கு நாடி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் உயிர். அதைத் தாழ்த்தி வரைந்தால் அழகான ஒரு பெண்ணின் படம் கிடைக்கும், நீலாம்பரி கிடைக்கமாட்டாள்.

ஆகவே மாதிரிப் படத்துக்குச் செலவழிக்கும் நேரம் வீண் போகாது. ஒரே காட்சியிலிருந்து மூன்று படங்கள் கொடுங்கள்: முகம் நெருக்கமாக ஒன்று, இடுப்புவரை ஒன்று, உடையும் கையும் தெரிய ஒன்று. வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கி, கண்ணிமையும் மயிரும் கரைந்துபோகும். டொகியுமென்ற் ஆக அனுப்புங்கள். இணையத்தில் கிடக்கும் காட்சித் துண்டுகளில் சில இடம் வலமாகத் திருப்பி ஏற்றப்பட்டவை. 'அன்பே சிவம்' (2003) நல்லசிவத்தின் தழும்பு மறுபக்கக் கன்னத்துக்குப் போவது இப்படித்தான். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம், பின்னாலுள்ள எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தால் பிடித்துவிடலாம். பழைய படங்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அகலத் திரைக்கு இழுத்து விரித்த பிரதியைப் பார்த்து வரைந்தால் முகம் தட்டையாகிவிடும்.

அளவு விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: ஏ4 தாளில் தலையும் தோளும், ஏ3 தாளில் இடுப்புவரை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஏ3 தாளின் உயரம் 42 சென்ரிமீற்றர். ஓரம் விட்டால் முழு உருவத்துக்கு 36 மிஞ்சும். உருவத்தில் தலை ஏறக்குறைய ஏழரையில் ஒரு பங்கு, அதாவது 5 சென்ரிமீற்றருக்கும் குறைவு. கண் ஒன்று 6, 7 மில்லிமீற்றர்தான் வரும். அந்தச் சின்ன இடத்தில் சாயல் பிடிப்பது யாருக்கும் கடினம், சண்டைக் காட்சியும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. விலையைப் பெரும்பாலும் தாளின் அளவையும் தலைகளின் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் சொல்வார்கள். ஐந்து பேரை ஒரே தாளில் நெருக்கிக் கேட்பதைவிட அதே காசில் இரண்டு நல்ல முகங்கள் வாங்குவது புத்தி.

வேலை நடக்கும்போது இரண்டு இடங்களில் நிறுத்திப் பார்க்கக் கேளுங்கள். இங்கே பலர் மாதிரியிலும் தாளிலும் கட்டம் போட்டுத்தான் வரைகிறார்கள். அதில் தவறேதும் இல்லை. வெளிக்கோடு முடிந்ததும் ஒரு படம் அனுப்பச் சொல்லி, கண்களுக்கிடையிலான தூரம், மூக்கு நுனியிலிருந்து மேலுதடு வரை, நாடியின் சரிவு ஆகியவற்றை மாதிரியோடு ஒப்பிடுங்கள். திருத்தம் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். அடுத்தது கண்கள் முடிந்த பிறகு. முழு நிழலும் போட்டபின் மாற்றச் சொன்னால் அழித்த இடத்தில் தாளின் நார் எழும்பி அழுக்குத் திட்டாகத் தெரியும். பென்சில் அழுத்திய பள்ளம் எந்த அழிறப்பருக்கும் போகாது.

தாளை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. போட்டோக்கொப்பித் தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு). நாலைந்து அடுக்கு நிழலுக்கே அது தாங்காது. அமிலமற்றது என்று உறையில் போட்டிருக்கும் 200 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேற்பட்ட சித்திரத் தாள் கேளுங்கள். கறுப்பு உடைக்கு 6பி, 8பி போன்ற மென்மையான பென்சிலை அழுத்தித் தேய்த்தால் வெளிச்சத்தில் ஈயம்போல் பளபளத்து, கறுப்பு சாம்பலாகத் தெரியும். அந்த இடத்துக்குக் கரிப் பென்சில்தான் சரி. பென்சிலும் கரியும் வெயிலில் மங்காது. போல்பொயின்ற் பேனை, மார்க்கர் மை இரண்டும் மங்கும். வன்னி வெயில் நேரே விழும் சுவரில் மார்க்கர் படம் மாட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

முடிந்த படம் கையில் வந்ததும் யன்னல் பக்கம் சரித்துப் பிடித்துப் பாருங்கள். போட்டோவை 'பென்சில்' பில்டரில் போட்டு பிரிண்ட் எடுத்து, மேலே லேசாகத் தேய்த்துக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. சரிந்த வெளிச்சத்தில் உண்மையான பென்சில் கோடு மினுங்கும், அச்சுக்கோடு பெரும்பாலும் அப்படி மினுங்காது. டிஜிட்டல் வரைபடம் என்று கேட்டு வாங்கினால் அது வேறு கதை. அதற்கு ஏ4 அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2480க்கு 3508 பிக்சல் கோப்பு தரவேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கரியும் மென்பென்சிலும் உதிராமல் இருக்க பிக்ஸேற்றிவ் என்ற பிடிப்பு ஸ்பிறே அடிக்க வேண்டும். 30 சென்ரிமீற்றர் தள்ளி, மெல்லிய இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஹெயார் ஸ்பிறே அடித்துக் கொடுப்பவர்களிடம் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள், நாளடைவில் அது மஞ்சளாகும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைக்காற்று ஈரத்தில் ஸ்பிறே வெண்படலமாகப் பூத்துவிடுவதும் உண்டு. அந்த மாதங்களில் வெயில் எறிக்கும் மத்தியானமாகப் பார்த்து அடிப்பதே பாதுகாப்பு. வெள்ளைச் சோக்கால் போட்ட ஒளிப்பொட்டுகள் பிக்ஸேற்றிவ் பட்டால் அமுங்கிவிடும். அவற்றைக் கடைசியில்தான் வைக்க வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் தாராளமாக நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். சட்டம் போடும் வேலைக்குத்தான் கொடுக்க மனம் வரவில்லை. சாமிப் படமும் கல்யாணப் படமும் போட்டுப் பழகிய கடைகள் கைவரைபடத்தையும் அப்படியே நடத்துகின்றன. ஹார்ட்போர்ட்டில் பசை பூசி ஒட்டுவார்கள், கண்ணாடியைத் தாளின் மேல் நேரே அமுக்குவார்கள். கேட்காமலே லமினேற் செய்து தருகிற இடமும் உண்டு. சூட்டில் உருகிய பசை பென்சில் தூளோடு கலந்து படிந்தபின் அந்தப் படத்தை மீட்க வழியே இல்லை.

சட்டக் கடையில் சொல்ல வேண்டியதைக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். பசை வேண்டாம், நாலு மூலைக்கும் மடித்த வெள்ளைத் தாளில் கவ்வி. படத்தைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் அகலத்தில் யன்னல்போல் வெட்டிய தடித்த மட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் குறைந்தது 2 மில்லிமீற்றர் இடைவெளி. கண்ணாடி நேரே தொட்டால் புழுக்கத்தில் வியர்த்து, கறுப்புப் பகுதி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தைத் தடித்த தாளும் ரேப்பும் கொண்டு முழுதாக மூடினால் இராமபாணப் பூச்சி உள்ளே போகாது. சட்டத்தின் கீழ் இரு மூலைகளிலும் றப்பர்த் துண்டு ஒட்டி, சுவரிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளி மாட்டுங்கள். கறையான் மண்கோடு ஏறினால் உடனே கண்ணில் படும், மழைகாலத்துச் சுவர் ஈரமும் சட்டத்தில் ஏறாது. முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் இரும்பு ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத கொளுக்கி.

சட்டம் போடாமல் கோப்பில் சேர்ப்பவர்கள் பிளாஸ்ரிக் உறையின் வகையைப் பார்க்க வேண்டும். மணக்கிற மென்மையான பீவீசி உறை தகரக் கூரையின் வெக்கையில் இளகி, பிரிண்ட் மையையும் கலர் பென்சிலையும் பிடித்து உரித்துவிடும். பொலிபுறொப்பிலீன் உறை இதைச் செய்யாது. புதினப் பத்திரிகையை இடையில் வைக்கவே கூடாது. அதன் அமிலம் நல்ல தாளையும் மஞ்சளாக்கும், மையும் ஒட்டும்.

மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஓடர் கொடுத்து பஸ் பார்சலில் எடுப்பவர்கள் கரிப் படத்தைச் சுருட்டி அனுப்ப விடக்கூடாது. இரண்டு ஹார்ட்போர்ட் தகடுகளுக்கு நடுவில் தட்டையாக, மேலே ஒரு ரேசிங் தாள், வெளியே பொலித்தீன். வாங்கும் அன்றே வரைந்தவரின் கையொப்பம், திகதி, பாத்திரத்தின் பெயர், படத்தின் ஆண்டு ஆகியவற்றைப் பின்பக்க ஓரத்தில் எச்பி பென்சிலால் எழுதி வாங்குங்கள். பேனையால் எழுதினால் முன்பக்கம் ஊறித் தெரியும்.