தேனுவின் தட்டில் நான்கு ஆண்டுகளாகக் காய்கறி

தேனுவுக்கு இப்போது ஏழு வயது. லாப்ரடார் இனம். அவளுடைய தட்டில் காய்கறி சேரத் தொடங்கி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. நாய்க்குக் காய்கறி கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஒரு பட்டியலைத்தான்: இது ஆகும், இது ஆகாது. பட்டியல் தேவைதான். ஆனால் காயை எப்படி வேகவைக்கிறோம், எவ்வளவு வைக்கிறோம், அதை வைக்கும்போது வேறு எதைக் குறைக்கிறோம் என்பதையெல்லாம் சரியாகச் செய்யாவிட்டால், பட்டியலை மனப்பாடம் செய்தும் பயனில்லை. நான் பட்டியலோடு தொடங்கி, மற்றதையெல்லாம் தேனுவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வயதில் அவளுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு உடலுக்குத் தேவைப்படும் கலோரி குறையும் என்று மருத்துவர் சொல்லியும், அவள் கண்களைப் பார்த்தால் அளவைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஆண்டில் எடை 34 கிலோவுக்குப் போய்விட்டது. பாதி நடையிலேயே உட்கார்ந்துவிடுவாள். பந்தை எறிந்தால் அது உருண்டு நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள், எழுந்து ஓட மாட்டாள்.

கால்நடை மருத்துவர் என் உள்ளங்கையைப் பிடித்து அவளுடைய விலாவின் மேல் வைத்தார். "எலும்பு லேசாகத் தொட்டாலே தட்டுப்பட வேண்டும். இவளுக்கு அழுத்தித் தேட வேண்டியிருக்கிறது, பாருங்கள்," என்றார். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள உடல்நிலை அளவுகோலில் நான்கும் ஐந்தும் சரியான நிலை. தேனு எட்டில் இருந்தாள். லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. 48 நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்திருக்கிறார்கள். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. அன்று வீட்டுக்கு வந்து இதைப் படித்ததும், இத்தனை நாள் அன்பு என்று நினைத்து நான் கூடுதலாக அள்ளி வைத்ததன் பொருள் விளங்கி நெஞ்சு கனத்துப்போனது.

அவள் இருக்க வேண்டிய எடை 28 கிலோ. அந்த எடைக்கு, ஓய்வு நிலையில் உடல் இயங்கத் தேவையான அளவாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி என்று மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். எடைக் குறைப்புக்கென்றே தயாராகும் உலர் உணவு 230 கிராம். மீதி ஏறத்தாழ 85 கலோரியை நான் விருப்பப்படி வைக்கலாம். முழுமையான சத்துணவு அல்லாத எதுவும் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. காய்கறிக்கும் அதே வரம்புதான்.

இந்த 85 கலோரியை ரொட்டியாகவோ பாலாடைக்கட்டியாகவோ கொடுத்தால் இரண்டு வாயில் தீர்ந்துவிடும். காய்கறியாகக் கொடுத்தால் தட்டு நிறையும். கேரட் 100 கிராமுக்கு 41 கலோரி, பச்சை பீன்ஸ் 31, பூசணி 26, வெள்ளரி 15. எல்லாமே பெரும்பாலும் தண்ணீர். பசியோடு இருக்கும் நாயின் தட்டில் 200 கிராம் பீன்ஸ் வைத்தால் அது குவியலாகத் தெரியும். எங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். எடைக் குறைப்பு முறைகள் பல வீடுகளில் தோற்பதற்குக் காரணம் நாயல்ல. வெறும் தட்டை நக்கிக்கொண்டே நம்மைப் பார்க்கும் அந்தப் பார்வையைத் தாங்க நம்மால் முடிவதில்லை.

முதல் வாரம் கேரட்டைப் பச்சையாக, விரல் கனத்துக்கு நறுக்கிப் போட்டேன். நறுக்கு நறுக்கென்று கடித்தாள், எனக்கும் மகிழ்ச்சி. மறுநாள் காலை மலத்தை அள்ளக் குனிந்தபோது, நேற்று நறுக்கிய துண்டுகள் அப்படியே கிடந்தன. ஆரஞ்சு நிறம் மாறவில்லை, கத்தி பட்ட முனைகூட மழுங்கவில்லை. ஒரு துண்டைக் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். அவளுடைய வயிற்றுக்குள் போய் வந்ததற்கான அடையாளமே அதில் இல்லை.

காரணம் எளிது. நாயின் தாடை மேலும் கீழும்தான் அசையும். நாமும் மாடுகளும் செய்வதுபோல் பக்கவாட்டில் அரைக்க அதனால் முடியாது. வெட்டி விழுங்குவதற்கான பற்கள் அவை. எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியும் இல்லை என்றே சொல்லலாம். தாவரச் செல்லின் சுவரான செல்லுலோஸை உடைக்கும் நொதி அதன் உடலில் எங்குமே சுரப்பதில்லை. சுவர் உடையாமல் உள்ளே போனால், உள்ளிருக்கும் கரோட்டினும் பெரும்பாலும் உள்ளேயே பூட்டியபடி வெளியே வந்துவிடும். பச்சைத் துண்டு பொழுதுபோக்குக்குச் சரி. சத்துக்காகக் கொடுக்கிறோம் என்றால் சுவரை நாம்தான் உடைத்துக் கொடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஆவியில் வேகவைத்து மசிக்கிறேன். நீரில் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டினால், நீரில் கரையும் வைட்டமின்களும் சேர்ந்து போய்விடும். விரலால் நசுக்கினால் குழைய வேண்டும், அதுதான் பதம். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் கிடையாது. டப்பாவில் அடைத்த காய்கறியை நான் வாங்குவதில்லை, பெரும்பாலும் உப்பு கலந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கானதை மசித்து ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறையவைத்துவிடுவேன். என் தட்டில் ஒரு கட்டி ஏறத்தாழ 30 கிராம். வேலை நாளில் எண்ணி எடுத்து வைத்தால் போதும், அளவு தவறாது. இந்த ஒரு பழக்கம் இல்லையென்றால் நான் மூன்றாவது மாதத்திலேயே கைவிட்டிருப்பேன்.

காய்களில் என் முழு நம்பிக்கையைப் பெற்றது பீன்ஸ்தான். சலிப்பில்லாமல் தின்கிறாள், வயிறு கெட்டதில்லை. பூசணிக்கு இரண்டாவது இடம். அதிலுள்ள கரையும் நார் தண்ணீரை ஈர்த்துப் பசைபோல் ஆவதால், மலம் இளகினாலும் இறுகினாலும் இரண்டு பெரிய கரண்டி உதவுகிறது. ஆனால் வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் பூசணியை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவரிடம் போவேன். வெள்ளரியைக் கோடையில் நடை முடிந்ததும் கொடுப்பேன். முனையை நறுக்கி நான் முதலில் சுவைத்துப் பார்ப்பேன். கசந்தால் குப்பைக்குப் போகும், ஏனென்றால் அந்தக் கசப்புப் பொருள் குடலைப் புண்படுத்தும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு அவளுக்கு உயிர். ஆனால் 100 கிராமுக்கு 86 கலோரி, பீன்ஸைப் போல மூன்று மடங்கு நெருங்கும். அதைக் காய்க் கணக்கில் சேர்த்து ஏமாறக் கூடாது.

முட்டைக்கோஸும் பிராக்கோலியும் கொடுத்த இரவுகளில் வயிற்றில் காற்று நிறைந்து அவள் இடம் மாறி மாறிப் படுத்தாள். பிராக்கோலிப் பூவில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அதிகமானால் வயிற்றையும் எரிக்கும். இப்போது மாதத்தில் ஓரிரு முறை, ஒரு கைப்பிடிக்கும் குறைவாக மட்டும். பீட்ரூட் கொடுத்தால் மறுநாள் மலம் சிவக்கலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் இரத்தம் என்று பதற வேண்டியதில்லை.

அளவிலும் ஒருமுறை தவறினேன். இரண்டாவது மாதம், எடை நன்றாகக் குறைகிறதே என்ற உற்சாகத்தில் காயைக் கூட்டி உலர் உணவைக் குறைத்தேன். நாளைக்கு நான்கு முறை மலம், ஒவ்வொன்றும் பெரிதாக, ஈரமாக. உரோமம் சொரசொரப்பானது. நார்ச்சத்து மிகுந்தால் புரதமும் தாதுக்களும் உடலில் சேராமல் சேர்ந்தே வெளியேறும் என்று மருத்துவர் விளக்கினார். காய்கறி துணைதான், உணவின் இடத்தை அது பிடிக்கக் கூடாது. பழைய அளவுக்குத் திரும்பினேன். மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது.

"நாய் மாமிசப் பிராணிதானே, காய் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நாய்க்குத் தேவையான வைட்டமின் சி-யை அதன் கல்லீரலே செய்துகொள்கிறது. அதற்காகக் காய் தேவையில்லை. ஆனால் நாய் ஓநாயும் அல்ல. 2013-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகளாகவும் நாய்களுக்கு நான்கு முதல் முப்பது வரையிலும் இருப்பதைக் காட்டியது. மனிதனோடு வாழ்ந்து, மனிதன் உண்டதைப் பகிர்ந்து உண்ட உடல் அது. பூனையால் முடியாத ஒன்றும் நாயால் முடியும்: கேரட்டின் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும்.

இனி நான் எழுதத் தயங்கி, எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்த பகுதி. மூன்றாம் ஆண்டில் ஒரு வாரம் நான் வெளியூர் போக வேண்டியிருந்தது. தேனுவை அத்தை பார்த்துக்கொண்டார். அவள் மேல் உயிரையே வைத்திருப்பவர். வீட்டில் காய்கறிச் சூப் மீந்திருக்கிறது, தேனு காய் தின்பவள்தானே என்று, நாள்தோறும் ஒரு கிண்ணம் அவளுடைய உணவில் ஊற்றியிருக்கிறார். சூப்பில் வெங்காயம் தாராளமாக இருந்தது.

நான் திரும்பி வந்த அன்று அவள் வாலை ஆட்டினாள், ஆனால் எழுந்து வரவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனது. இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர், சிவப்பணுக்களின் ஓரத்தில் ஹைன்ஸ் துகள்கள் (சிதைந்த ஹீமோகுளோபினின் திரள்கள்) ஒட்டியிருப்பதைக் கண்டு, "வெங்காயம் ஏதாவது தின்றாளா?" என்றுதான் முதலில் கேட்டார். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் சிதைக்கின்றன. அணுக்கள் உடைந்து இரத்தசோகை உண்டாகிறது. வேகவைத்தாலும் உலர்த்திப் பொடித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. பூண்டும் அதே குடும்பம். தின்றவுடன் எதுவும் தெரியாது, பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் வெளிப்படும். அதனால்தான் அத்தைக்கும் சந்தேகம் வரவில்லை. சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும்.

தேனு பிழைத்துவிட்டாள். இரத்த அளவு பழைய நிலைக்கு வர மூன்று வாரத்துக்கும் மேலானது. தவறு என்னுடையது. காய் கொடுக்கலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்ன நான், நம் தட்டில் இருக்கும் காய் வேறு, அவள் தட்டில் இருக்க வேண்டிய காய் வேறு என்பதைச் சொல்லவில்லை. நாய்க்குக் காய்கறி கொடுக்கும் வீடுகளில் உண்மையான ஆபத்து பச்சைக் கேரட்டில் இல்லை, சமைத்து மீந்த பாத்திரத்தில் இருக்கிறது. இப்போது அவளுக்கென்று உறையவைத்த கட்டிகளைத் தவிர வேறு எந்தக் காயையும் வீட்டில் யாரும் வைப்பதில்லை.

மற்ற ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். திராட்சையும் உலர் திராட்சையும் காயல்ல என்றாலும் சாலட் கிண்ணத்தில் ஒளிந்திருக்கும். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக் கூடியவை, பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. பச்சை உருளைக்கிழங்கும் பழுக்காத தக்காளியும் அவற்றின் இலைகளும் வேண்டாம். மக்காச்சோளத்தின் தக்கையை விழுங்கினால் குடல் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை போகும்.

பலன்கள்? எட்டு மாதத்தில் 34 கிலோ 28 ஆனது. காயால் மட்டும் ஆனதல்ல. உணவைக் குறைத்ததால் ஆனது. குறைத்த உணவோடு அவளைப் பட்டினி உணர்வில்லாமல் வைத்திருந்தது காய். மலம் ஒழுங்காகப் போகிறது. குப்பைத்தொட்டியை நோண்டுவது நின்றது. கேரட் பல்லைச் சுத்தம் செய்யும் என்று நம்பியது மட்டும் நடக்கவில்லை. ஐந்தாவது வயதில் கடைவாயில் காறை படிந்து, மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இப்போது நாள்தோறும் பல் துலக்குகிறேன்.

புற்றுநோயைத் தடுக்கும் என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகம். வாரத்தில் மூன்று முறையாவது காய்கறி, குறிப்பாகக் கீரை வகை உண்ட ஸ்காட்டிஷ் டெரியர்களுக்கு அந்த அபாயம் குறைவாக இருந்ததை 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. ஒரே இனம், ஒரே நோய், உரிமையாளர்களின் நினைவிலிருந்து பெற்ற விவரம். எனக்கு அது ஊக்கம் தந்தது. ஆனால் லாப்ரடாருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

போன மாதப் பரிசோதனையில் எடை 28.4. சிறுநீரில் ஆக்சலேட் படிகங்கள் சில தென்பட்டதால், ஆக்சலேட் மிகுந்த பசலைக்கீரையையும் பீட்ரூட்டையும் அடியோடு நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டேன். பீன்ஸும் பூசணியும் தொடர்கின்றன. ஆறு வாரம் கழித்து மறுபடி சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது. உறைபெட்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டால், எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்.