காப்பிரைட் ஆலோசனை சர்வீஸ்: 5க்கு 3 ஸ்டார்

நான் எடுத்த போட்டோவை வேற நாட்டு சைட் ஒண்ணுல கேக்காமலே போட்டுட்டாங்க, அதுக்காக ஆன்லைன்ல ஒரு காப்பிரைட் ஆலோசனை சர்வீஸ் எடுத்தேன். முதல் கால்லயே "சர்வர் எங்க இருக்கோ அந்த நாட்டு சட்டம்தான்"னு அடிச்சு சொன்னாங்க, எனக்கு மனசு ஒப்பல. காப்பிரைட்டுக்கான சர்வதேச ஒப்பந்தமான 1886 பெர்ன் ஒப்பந்தத்தோட 5(2) பிரிவுல, எந்த நாட்டுல பாதுகாப்பு கேக்குறோமோ அந்த நாட்டு சட்டம்னுதான இருக்கு! இந்த மாதிரி வழக்குல எந்த நாட்டு சட்டம் பொருந்தும்னு சொல்ற ஐரோப்பிய யூனியனோட ரோம் 2 விதியில 8ஆவது பிரிவும் அதேதான். இதைச் சொன்னதும் வேற வக்கீல்கிட்ட மாத்திவிட்டாங்க, அவங்க உண்மையிலேயே சூப்பர், எந்த கோர்ட்டுங்கறது வேற, எந்த சட்டம்ங்கறது வேறன்னு பொறுமையா பிரிச்சு சொன்னாங்க. ஐரோப்பிய யூனியன் கோர்ட் பிங்க்னிங்கறவரோட காப்பிரைட் கேஸ்ல 2013ல குடுத்த தீர்ப்புப்படி, சைட் ஓப்பன் ஆகுற நாட்டுலயே கேஸ் போடலாமாம், ஆனா அந்த நாட்டுல ஆன நஷ்டத்துக்கு மட்டும்தான் ஈடு கேக்க முடியும். முதல் கால் ஃபீஸைத் திருப்பித் தரல, அதான் ரெண்டு ஸ்டார் குறைச்சிருக்கேன்.