பாம்பன் கரையில ரொம்ப வருஷமா நெட் யூஸ் பண்ணின அனுபவம்

பாம்பன்ல இருக்கேன், வீட்ல நாட்டுப்படகு தொழில். பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குக்கு காசு குடுத்து உக்காந்த காலத்துல இருந்து இப்ப கையில 5ஜி போன் வரைக்கும் நெட் யூஸ் பண்ணிட்டு வர்றேன், அதான் ஒரு பொருள வாங்கி ரொம்ப நாள் ஓட்டிட்டு அனுபவம் எழுதுற மாதிரி இத எழுதலாம்னு தோணுச்சு. முதல்லயே சொல்லிர்றேன், நெட் இல்லாத காலம் திரும்ப வரணும்னு எனக்கு ஆசையே கிடையாது. ஆனா நெட் வந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு பேசுறவங்க எங்க கரையில வந்து ஒரு மாசம் இருந்து பாக்கணும், போன கையில வச்சுக்கிட்டே ஒண்ணும் பண்ண முடியாம நிக்கிற எடம் எத்தன இருக்குன்னு புரியும்.

நல்லதுல மொத எடம் காத்துக்குத்தான். அப்பாவுக்கு வாடை, கச்சான், கொண்டல்னு எல்லாக் காத்தும் அத்துப்படி, மேகத்தப் பாத்தே சொல்லிருவாரு. இப்ப சாயந்திரம் ஆனா தம்பி விண்டி ஆப்ப ஓப்பன் பண்ணி விடியகாலைல எவ்ளோ வேகம் காட்டுதுன்னு பாக்குறான், அப்பா பக்கத்துல உக்காந்து அந்தக் கோடெல்லாம் எங்கிட்டு திரும்புதுன்னு பாத்துட்டு "வாடை ஏறுது, வடகடல் வேணாம்டா, தெக்க போட்டுக்கலாம்"ங்குறாரு. எங்க தீவுக்கு வடக்க ஒரு கடல் தெக்க ஒரு கடல் இருக்கிறதால இந்த முடிவு ரொம்ப முக்கியம், இதுல ஆப்பும் வேணும் அப்பாவும் வேணும். ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையத்துல இருந்து அலை உயரம், மீன் இருக்க வாய்ப்புள்ள எடம்னு தகவல் வருது, சின்னப் படகுக்கு மீன் இருக்கிற எடத்த விட அலை உயரம்தான் உசுரக் காப்பாத்துற தகவல்னு நான் சொல்லுவேன். 2016ல இங்க பாம்பன்ல ஆரம்பிச்ச கடல் ஓசை 90.4 ரேடியோவும் எங்க பேச்சுலயே கடல் நிலவரம் சொல்லுது. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி அழிஞ்சப்ப பாம்பன்ல இருந்து போன ரயிலையே அலை கொண்டு போச்சு, அது நடந்த சேதி வெளிய தெரியவே நேரம் ஆச்சு. அந்தக் கதை கேட்டு வளந்த எங்களுக்கு ஒரு புயல் உருவாகுறதுக்கு முன்னாடியே அது எங்க வரும்னு படம் பாக்க முடியுறது சாதாரண விஷயம் இல்ல.

ஆனா அந்தத் தகவல் எல்லாம் கரையில இருக்கிற வரைக்கும்தான். கரைய விட்டு கொஞ்ச தூரம் ஓடினா டவர் போயிரும், அப்புறம் எவ்ளோ ஜிபி இருந்தாலும் ஒண்ணுதான். 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்தப்ப குமரிக்காரங்க நிறைய பேரு ஏற்கனவே ஆழ்கடல்ல இருந்தாங்க, கரையில தெரிஞ்ச சேதிய அவங்களுக்கு போன் போட்டு சொல்ல வழியே இல்ல. அதுக்கப்புறம் 2019ல ஜெமினின்னு ஒரு கருவி விட்டாங்க, சாட்டிலைட்ல இருந்து வர்ற எச்சரிக்கைய வாங்கி போனுக்கு அனுப்பும். ஆனா அது அறிமுகம் ஆனப்ப சேதி வாங்க மட்டும்தான் முடியும், படகுல இருந்து "இன்ஜின் நின்னுருச்சு"ன்னு திருப்பி அனுப்ப முடியாது. அதனாலதான் இன்னமும் படகுல இருந்து பேசுற விஹெச்எஃப் ரேடியோ செட் வேணும்னு வீட்ல சண்டை போடுறேன், போன் இருக்குல்லன்னு அத விட்டுறக் கூடாது.

அடுத்தது வெலை, இதுலதான் எனக்கு பேச நிறைய இருக்கு. ராபர்ட் ஜென்சன்னு ஒருத்தரு கேரளாவுல 1997ல இருந்து 2001 வரைக்கும் செல்போன் வந்தப்ப மத்தி மீன் வெலை என்ன ஆச்சுன்னு ஆராய்ச்சி பண்ணி 2007ல வெளியிட்டாரு. கடல்ல இருந்தே போன் போட்டு எந்தக் கரையில வாங்க ஆளு இருக்குன்னு கேட்டு அங்க கொண்டு போனதுல மீன் வீணாகுறது அநேகமா நின்னுருச்சு, மீனவனுக்கு லாபம் 8 சதவீதம் கூடுச்சு, வாங்குறவங்களுக்கு வெலை 4 சதவீதம் கொறஞ்சுச்சுன்னு அதுல இருக்கு. படிக்க அருமையா இருக்கு, பொய்யும் இல்ல. ஆனா எங்க வீட்டுக் கதை வேற. படகு வலை இன்ஜினுக்குன்னு வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கியிருந்தா புடிச்ச மீன அவருக்குத்தான் போடணும், கணவாய்க்கும் நண்டுக்கும் அடுத்த கரையில என்ன வெலை போகுதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல கண்ணு முன்னாடி ஓடிட்டே இருக்கும், நம்மளால அங்க கொண்டு போக முடியாது. முன்ன வெலை தெரியாம வித்தோம், இப்ப தெரிஞ்சே கம்மிக்கு விக்கிறோம், எது வலி ஜாஸ்தின்னு நீங்களே யோசிங்க. கடன் தீராம வெறும் தகவல் மட்டும் வந்து என்ன பண்ண? இதே நெட்ல எங்க சித்தி மக கருவாடு விக்கிறா, நெத்திலி, சீலா, திருக்கை எல்லாம் காய வச்சு போட்டோ எடுத்து குரூப்ல போடுவா, மதுரை காரைக்குடின்னு கூரியர் போகும், பணம் ஜிபேல வந்துரும். அவ யார்கிட்டயும் அட்வான்ஸ் வாங்கல, அதனால அவளுக்கு நெட் முழுசா வேல செய்யுது. ஒரே போன், ஒரே ஊரு, கை கட்டில்லாதவங்களுக்கு மட்டும் சம்பாத்தியம்.

கீழக்கரை பெரியபட்டினம் பக்கம் கேட்டீங்கன்னா வளைகுடா நாட்டுல இருக்கிற அத்தா, அதாவது அப்பா, பிள்ளைங்க முகத்த தெனம் வீடியோ கால்ல பாக்குறதே அவங்களுக்குப் பெரிய விஷயம், கேசட்ல குரல பதிஞ்சு ஊருக்குப் போற ஆள் கையில குடுத்து அனுப்பின குடும்பங்க அவங்க. அதப் பத்தி குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

கோவம் வர்ற எடம் ஒண்ணு இருக்கு. பாசி எடுக்கப் போற அக்காங்க கையப் பாத்திருக்கீங்களா, பாறை கிழிக்காம இருக்க விரல்ல துணி சுத்திக்கிட்டுதான் முங்குவாங்க, அப்பவும் உப்புத்தண்ணிலயும் பாறையிலயும் தேஞ்சு விரல் நுனில ரேகையே மங்கிப் போயிருக்கும். அந்தக் கைய ரேஷன் கடை கைரேகை மெஷின்ல வச்சா எடுக்காது. தொடச்சு வைங்கம்மா, இன்னொரு விரல வைங்கம்மான்னு சொல்லிட்டே இருப்பாங்க, பின்னாடி வரிசை நீளும், அந்த அக்கா முகம் சுண்டிப் போயிரும். ரேஷன்ல கருவிழி பாக்குற மெஷின் வந்ததுல கொஞ்சம் பரவால்ல. ஆனா மத்த எல்லாத்துக்கும் ஓடிபி இருக்கே, வீட்ல ஒரே நம்பர், அந்தப் போன் பாலித்தீன் கவர்ல சுத்தி வீட்டுக்காரரோட கடல்ல இருக்கும், இங்க இ-சேவை மையத்துல இவங்க நிப்பாங்க, ஓடிபி அங்க போயி டைம் முடிஞ்சிரும். ஒரு நாள் கூலி போச்சு. 2020ல ஸ்கூல் மூடினப்பவும் இதே போன்லதான் கிளாஸ், அப்பா தொழிலுக்குப் போனா பிள்ளைக்கு கிளாஸ் கட், கல்வி தொலைக்காட்சி இருந்ததால கொஞ்சமாச்சும் ஓடுச்சு. ஆபீஸ நெட்டுக்கு மாத்துனது தப்பில்ல, ஆனா பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து பேப்பர்ல எழுதி வாங்குற ஜன்னலையும் மூடுறது அநியாயம்.

வதந்தி பத்தி ரெண்டு வார்த்தை. 2018ல பிள்ளை புடிக்கிற கூட்டம் வருதுன்னு வாட்ஸ்அப்ல பரவி திருவண்ணாமலை பக்கம் ஒரு வயசான அம்மாவ அடிச்சே கொன்னாங்க, அதுக்கப்புறம்தான் ஃபார்வர்ட இந்தியாவுல அஞ்சு சாட்டுக்கு மேல ஒரே நேரத்துல அனுப்ப முடியாதுன்னு வச்சாங்க. இப்பவும் புயல் சின்னம்னு செய்தி வந்தா எங்கயோ எப்பவோ எடுத்த வீடியோ எல்லாம் "பாம்பன் இப்போ"ன்னு வரும். நான் ஒண்ணு பண்றேன், பாம்பன் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் குரூப்ல பதில் போடுறது.

கடைசியா பணம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுல போற பசங்க கையில வேலை இல்லாம போனும் கையுமா இருக்கிற நேரம் அது. லோன் ஆப்பும் ரம்மியும் உள்ள வர்றது அப்பத்தான். ஒரு ஆப்புல கொஞ்சூண்டு வாங்கி கட்ட முடியாமப் போனதும் போன்ல இருக்கிற சொந்தக்காரங்க நம்பருக்கெல்லாம் போட்டோவ மாத்தி அனுப்புவேன்னு மிரட்டி ஒரு வீட்டையே அழ வச்சத நேர்ல பாத்தேன். காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேமுக்கு 2025 ஆகஸ்ட்ல மத்திய சட்டமே வந்துருச்சு, நல்லது, ஆனா வேற பேர்ல லிங்க் வந்துக்கிட்டேதான் இருக்கு. மகளிர் குழு கூட்டத்துல இத பேச ஆரம்பிச்சிருக்கோம், லோன் ஆப் காண்டாக்ட் பர்மிஷன் கேட்டா குடுக்காதீங்க, ஓடிபிய யாரு கேட்டாலும் சொல்லாதீங்க, ஆன்லைன் பண மோசடிக்குப் புகார் சொல்ற 1930ங்கிற நம்பர போன்ல சேவ் பண்றதோட செவுத்துலயும் எழுதி வைங்கன்னு. பணம் போனது தெரிஞ்ச உடனே அந்த நம்பருக்கு அடிச்சாத்தான் அத நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, வீட்டுக்காரரு கடல்ல இருந்து வரட்டும், விடிஞ்சு பாத்துக்கலாம்னு விட்டா அது பல கணக்கு மாறி எடுக்க முடியாத எடத்துக்குப் போயிரும்.