டே லில்லி என்று சொல்லி ரெயின் லில்லி கிழங்கை அனுப்புகிறார்கள்: 3,450 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

இன்று காலைதான் அந்தப் பக்கம் என்னை பிளாக் செய்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போய்த் தொலையட்டும்" என்று நாம் விட்டுவிடுவோம், அவர்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. போனது 3,450 ரூபாய். பெயர் போடவில்லை. தினமும் செடி வீடியோ போட்டு, ஜிபேயில் பணம் வாங்கி, கூரியரில் அனுப்புகிற பக்கங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று. டே லில்லியை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி வளர்ப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு இந்தப் பூ மேல் ரொம்ப நாள் ஆசை. பெங்களூரில் அண்ணி வீட்டு வாசலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புதர் இருக்கிறது. ஒரு பூ ஒரே நாள்தான் நிற்கும், மறுநாள் சுருண்டுவிடும். ஆனால் கிளைவிட்ட ஒரே தண்டில் மொட்டுகள் கொத்தாக இருப்பதால் இன்று ஒன்று, நாளைக்கு ஒன்று என்று வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். கோவையில் எங்கள் மாடியில் அதையே வேறு வேறு நிறங்களில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். டே லில்லியில் குளிர்காலத்தில் இலை முழுக்கக் காய்ந்து உறங்கும் ரகமும் உண்டு, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் எவர்கிரீன் ரகமும் உண்டு. நம்மைப் போன்ற சூடான ஊர்களுக்கு எவர்கிரீன்தான் பொதுவாக நல்லது. நீங்கள் விற்பது எது என்று கேட்டேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, நீங்க விவரம் தெரிஞ்சு கேக்கறீங்க. நம்ம ஊருக்கு எவர்கிரீன்தான் செட் ஆகும். உறங்கற ரகம் வாங்கினீங்கன்னா காசு வேஸ்ட். நம்மகிட்ட எல்லாமே எவர்கிரீன்தான் அக்கா."

அடுத்து ஒரு வீடியோ. புதரைத் தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, கையாலேயே இரண்டாகப் பிரித்துக் காட்டினார். விசிறி மாதிரி விரிந்த இலைகள், கீழே தடித்த சதைப்பற்றான வேர்கள். அசல் டே லில்லி, சந்தேகமே இல்லை. "இதைத்தான் அக்கா உங்களுக்கு பேக் பண்ணப் போறேன்." இதற்கு மேல் ஒருவரை நம்புவதற்கு என்ன வேண்டும்? ஐந்து ரகம், ஒன்று 640 ரூபாய், கூரியர் 250. மொத்தம் 3,450 ரூபாய் அனுப்பினேன்.

பார்சல் வந்தது. தேங்காய் நார்த்தூளுக்குள் ஐந்து ஜிப் கவர், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் ரகத்தின் பெயர். உள்ளே இருந்தவை உருண்டைக் கிழங்குகள்! சின்ன வெங்காயம் மாதிரி பழுப்புத் தோல், மேலே நீண்ட கழுத்து, இலையை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். ஒன்றைக் குறுக்காக வெட்டினேன். வெள்ளை வெள்ளையாக வளையங்கள், கையில் பிசுபிசுப்பு. டே லில்லிக்கு இப்படி உருண்டைக் கிழங்கே கிடையாது. மாடித்தோட்டம் வைத்திருக்கும் பாதிப் பேர் வீட்டில் இருக்கிற ரெயின் லில்லி இது. பக்கத்து நர்சரியில் சில பத்து ரூபாய்க்கு ஒரு தொட்டியே கொடுப்பார்கள்.

அன்றே படம் எடுத்து அனுப்பினேன். "டிராவல்ல சுருங்கிருக்கும் அக்கா, நட்டுப் பாருங்க" என்றார். வெட்டிய கிழங்கின் படத்தை அனுப்பினேன். "பூ வந்தாத்தான் எது என்னன்னு தெரியும். மாறியிருந்தா ஃபுல் ரீஃபண்ட்." பூவையே ஆதாரமாகக் காட்டலாம் என்று ஐந்து தொட்டியில் தனித்தனியாக, அவர்கள் எழுதிய பெயரையே குத்தி வைத்து நட்டேன். ஒரு கோடை மழைதான். ஐந்து தொட்டியிலும் ஒரே நாளில், ஒரே ரோஸ் நிறத்தில் பூ. மஞ்சள் என்று விற்றதும் ரோஸ், கருஞ்சிவப்பு என்று விற்றதும் ரோஸ். தண்டுக்கு ஒரே ஒரு பூ.

படம் அனுப்பியதும் அக்கா போய் மேடம் வந்தது. "பூ பூத்துருச்சே மேடம், இன்னும் என்ன பிரச்சனை?" டே லில்லி இல்லையே என்றேன். "ஆறு இதழ் இருக்குல்ல, லில்லிதான்." டே லில்லிக்கும் ஆறு, ரெயின் லில்லிக்கும் ஆறு, அதை வைத்து என்ன சொல்ல முடியும்? அடுத்து கூரியரில் மாறியிருக்கும் என்றார். அவர்கள் கையால் பெயர் எழுதிய கவர் கூரியரில் எப்படி மாறும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அப்புறம் அன்பாக்சிங் வீடியோ எங்கே என்றார். அப்புறம் உயிருள்ள செடிக்கு ரீஃபண்ட் கிடையாது என்றார். ரீஃபண்ட் என்று முதலில் சொன்னதே அவர்தான், அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் போட்டேன். நீலமாக இரண்டு டிக் விழுந்தது, அவ்வளவுதான். கடைசியில் அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறாராம்! 3,450 ரூபாயை வாங்கிக்கொண்டு, இன்னும் வாங்கு என்கிறார். அவர்கள் பதிவின் கீழே கமெண்ட் போட்டேன். அதை நீக்கிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் சொன்னதே பொய் என்பதும் பிறகு தெரிந்தது. ஐந்தில் ஒன்று ஸ்டெல்லா டி ஓரோ. 1975ல் அமெரிக்காவில் வால்டர் ஜப்லான்ஸ்கி என்பவர் பதிவு செய்த குட்டையான மஞ்சள் ரகம், உலகம் முழுக்கப் பிரபலம். அமெரிக்க டே லில்லி சங்கம் பதிவான ரகங்களை எல்லாம் இணையத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதில் பார்த்தால் ஸ்டெல்லா உறங்கும் ரகம். "எல்லாமே எவர்கிரீன்" என்று எந்த வாய் சொன்னது?

"பூ வந்துச்சுல்ல, விடு" என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். எப்படி விடுவது? நான் காசு கொடுத்தது இந்தப் பூவுக்கு இல்லை. இதே பக்கத்தில் வாங்கிய இன்னும் எத்தனை பேர் ரெயின் லில்லிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, டே லில்லி பூக்கும் என்று காத்திருக்கிறார்களோ.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுத்துவிட்டேன். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று இணைய விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ம் வருஷத்து மின் வணிக விதிகளிலேயே இருக்கிறது. செடிக்கு ரீஃபண்ட் இல்லை என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கெல்லாம் மனசு இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கிழங்கு வந்தால் அது டே லில்லி இல்லை. வேரோடும் தண்டின் அடிப்பாகத்தோடும் விசிறியாக வர வேண்டும். பெயருள்ள ரகத்தை விதையாக வாங்காதீர்கள், விதையில் தாய்ச்செடி மாதிரியே வராது, வழக்கமாகப் புதரைப் பிரித்துத்தான் பெருக்குவார்கள். கேஷ் ஆன் டெலிவரி இல்லாத பக்கத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். அசல் செடியே வந்தால் வேரும் இலையும் சேரும் இடத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் புதைக்காதீர்கள், நம் ஊர் சூட்டில் தண்ணீர் தேங்கினால் அங்கேதான் அழுகும். ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். இலையில் ஆரஞ்சுத் தூள் ஒட்டினால் துரு நோய், அந்தச் செடியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வீட்டுக்காரர் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இப்போது நீல டே லில்லி விதை என்று புதிதாக வீடியோ போட்டிருக்கிறார்கள், பத்து விதை 199 ரூபாய். முழு நீலத்தில் ஒரு டே லில்லியை இதுவரை யாரும் உருவாக்கவில்லை. கீழே நாற்பது ஐம்பது பேர் "விலை என்ன, எப்படி ஆர்டர் பண்றது" என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது அதில் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.