தனியாகப் பைக்கில் போகிறவர்களே, மூன்றரை மணிச் சாப்பாட்டில் கவனம்

போன மாதம் தனியாக ஒரு நீண்ட ரைடு போயிருந்தேன். மூன்றாம் நாள், நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு சின்ன ஊரில் சாப்பிட நிறுத்தினேன். கடையின் பெயரைச் சொல்லிச் சண்டைக்கு நிற்கப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பைக் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலோர மேசை கிடைக்குமா என்று பார்த்துத்தான் அந்தக் கடைக்குள் போனேன். மூட்டை முடிச்செல்லாம் வண்டியில் இருக்கும்போது வேறென்ன பார்க்கத் தோன்றும்? உள்ளே ஈ, காக்கை இல்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும். மணி மூன்றரை. மதியக் கூட்டம் கலைந்து, இரவுக்கு அடுப்பு இன்னும் பற்றவைக்காத நேரம்.

“இப்பதான் இறக்கினது தம்பி” என்றார் கடைக்காரர். தட்டு வந்தது. ஓரத்தில் எடுத்தால் நாக்கைச் சுட்டது, நடுவில் கரண்டியை விட்டால் சில்லென்று இருந்தது. பழசை மைக்ரோவேவில் வைத்து எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சொன்னேன். முகம் சுளிக்காமல் எடுத்துப் போய் இன்னொரு சூடு காட்டிக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. பசியில் நானும் வழித்துச் சாப்பிட்டேன்.

மறுபடி சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு படித்ததில்தான் புரிந்தது. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் கிடந்தால் கிருமிகள் மளமளவென்று பெருகும். அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூடாக்கினால் கிருமி சாகும், சரி. ஆனால் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரியான கிருமி அதற்குள் கக்கிவைத்த நச்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. வாசனையிலும் ருசியிலும் காட்டிக்கொடுக்காது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும்.

பில் வேறு. கேட்காமலே மேசையில் வைத்த சின்னத் தட்டு ஒன்றுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கிழித்த தாளில் மொத்தத் தொகை மட்டும். பிரித்துக் காட்டச் சொன்னதற்கு, “கணக்கு சரியாத்தான் இருக்கும்” என்று பதில். இருட்டுவதற்குள் போய்ச் சேரணுமே என்று கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இந்த அவசரம் அவர்களுக்கும் தெரியும். வழிப்போக்கன் ஒருத்தன், மறுபடி வரப்போவதில்லை, கூடப் பேச ஆளும் இல்லை.

இரண்டரை மணி நேரம் கழித்து வயிறு புரட்டியது. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்தப் பீதி புரியும். இண்டிகேட்டர் போட்டு, வேகம் குறைத்து, ஓரம் கட்டினால் சைடு ஸ்டாண்டு ஈரமண்ணில் இறங்குகிறது. வண்டியை ஒரு தொடையில் தாங்கிக்கொண்டு, பல்லால் கையுறையை இழுத்து, தாடைக்கு அடியில் இரட்டை வளையத்தில் கோத்திருந்த வாரை விரலால் தேடினேன். ஹெல்மெட் கழன்றதும் வாந்தியும் ஒரே நொடி. ஒரு வளையம் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அன்றைக்கு அதற்குமேல் ஓட்டவில்லை. ஓட்டியிருக்கவும் முடியாது, கை நடுங்கியது. பக்கத்தில் கிடைத்த அறையில் விழுந்து, 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இரவு போனது. வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துப் பார்த்தேன், அதுவும் திரும்பி வந்துவிட்டது. இப்போது டேங்க் பேக்கில் ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாமல் கிளம்புவதில்லை. நேரம் கெட்ட நேரத்தில் பசித்தால், தோலுரித்துத் தின்கிற பழம், இல்லையென்றால் என் கண்ணெதிரே அடுப்பிலிருந்து இறங்குவது. நடுவில் சில்லென்று இருந்தால் காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஊர் திரும்பியதும் புகார் கொடுக்கலாம் என்று அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். கடையின் பெயர் இல்லை, தேதி இல்லை. இருந்த ஒரே தொகையும் வழியில் பெய்த மழையில் பாதி கரைந்திருந்தது.